பூச்சி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். வயல் வேலையும் இரண்டு கறவை மாடுகளும்தான் எங்கள் பிழைப்பு. மூன்று ஆண்டுகளுக்கு முன் வயிற்று உப்புசத்துக்காக மருத்துவரிடம் போனபோது ஒரு பூச்சி மாத்திரை கொடுத்தார், குணமானது. அதிலிருந்து வயிறு சரியில்லை என்றால் நானே கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வேன். சில மாதங்களாக மலத்தில் கறுப்பாக நூல்போலத் தெரிகிறது. இரவில் தோலுக்கடியில் ஏதோ ஊர்கிறது. உடம்பும் மெலிந்துவிட்டது. கைபேசியில் பார்த்த ஒரு முறைப்படி, ஆல்பெண்டசோலும் ஐவர்மெக்டினும் சேர்ந்த மாத்திரையைத் தேங்காய் எண்ணெயுடன் பத்து நாள் தொடர்ந்து சாப்பிட்டேன். அந்தச் சமயத்தில் ஒருநாள் இடது கை தானாக ஒரு நிமிடம் வெட்டி வெட்டி இழுத்தது. புழு சாகும்போது அப்படி இருக்கும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் சுத்த சைவம். இப்போது முடி கொட்டுகிறது. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 7,800, ஈசினோபில் 9 சதவீதம். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினை ஒரு மூடி குடித்தால் வேரோடு போய்விடும் என்கிறார் கொழுந்தனார். எட்டு வயது மகனுக்கும் இரவில் ஆசனவாயில் அரிப்பு. அவனுக்கும் கொடுக்கலாமா? அரசாங்கமே பள்ளியில் பரிசோதனை எதுவும் செய்யாமல்தானே பூச்சி மாத்திரை கொடுக்கிறது, நான் போட்டுக்கொண்டால் என்ன தவறு?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் நடுவே ஒரு வரியில் சொல்லிவிட்டு நீங்கள் கடந்துபோன செய்தியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. இடது கை, உங்களையறியாமல், ஒரு நிமிட நேரம் வெட்டி வெட்டி இழுத்தது என்றால் அதைப் புழு சாகும் அறிகுறி என்று நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. நினைவு தப்பாமல் உடம்பின் ஒரு பகுதியில் மட்டும் வருகிற வலிப்பு அப்படித்தான் இருக்கும். ஆகவே பூச்சி மாத்திரை எதையும் இனி ஒன்றுகூடப் போடாதீர்கள். இந்த வாரத்துக்குள் நரம்பியல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். பெருந்துறையிலோ கோவையிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் ஸ்கேனும் அங்கேயே எடுத்துவிடலாம். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம், கிணற்றடிக்கும் வாய்க்காலுக்கும் தனியாகப் போக வேண்டாம், அடுப்பு வேலையின்போது யாராவது பக்கத்தில் இருக்கட்டும். மறுபடி இழுப்பு வந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு தப்பினாலோ, கடுமையான தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தாலோ, திடீரென்று பார்வை மங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில், அதுவரை எந்த நோயும் இல்லாத ஒருவருக்குப் புதிதாக இப்படி ஒரு பக்க வலிப்பு வந்தால், மருத்துவர்கள் முதலில் நினைத்துப் பார்க்கும் காரணங்களில் ஒன்று பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி உண்டாக்குகிற சிறு நீர்க்கட்டி. இந்த நோய் வேரூன்றிய பகுதிகள் பலவற்றில் வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு இதனோடு தொடர்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நீங்கள் சுத்த சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்த நோயிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டைகள் அவருடைய மலத்தோடு வெளியேறி, கழுவாத கையாலோ, மலம் கலந்த நீர் பாய்ந்த கீரை, கொத்தமல்லி போன்றவற்றாலோ இன்னொருவர் வாய்க்குள் போனால், அவர் குடலில் குஞ்சு பொரித்து, குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு ரத்தத்தில் கலந்து, தசை, கண், மூளை என்று எங்கு வேண்டுமானாலும் போய்த் தங்கும். இறைச்சியைத் தொட்டே பார்த்திராத குடும்பங்களில் இந்தக் கட்டி காணப்படுவது மருத்துவர்களுக்குப் பழகிப்போன செய்தி. இப்படி வந்தவரின் குடலில் புழுவே இருக்க வேண்டியதில்லை என்பதால், மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வருவதும் போதாது.

மூளையில் உள்ள இந்தக் கட்டி உயிரோடு இருக்கும்வரை, உடம்பின் எதிர்ப்பு ஆற்றல் தன்னைக் கண்டுகொள்ளாதபடி பல ஆண்டுகள்கூட ஒளிந்திருக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் உடம்பு அதை அந்நியப் பொருளாக இனங்கண்டு பாய்கிறது. சுற்றியுள்ள மூளைத் திசு வீங்குகிறது, வலிப்பு வருகிறது. இந்தச் சாவு தானாகவும் நிகழலாம், ஆல்பெண்டசோலாலும் நிகழலாம். ஒரே ஒரு கட்டி என்றால் ஓர் இழுப்போடு போகலாம். பல கட்டிகள் இருந்து, எல்லாம் ஒரே நேரத்தில் அடிபட்டால் மூளை முழுவதும் வீங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். கண்ணுக்குள் கட்டி இருந்து அது வீங்கினால் பார்வை போகலாம். ஆக, உங்கள் கைபேசிக்காரர் சொன்னதில் ஒரு பாதி தற்செயலாக உண்மையாகவே இருக்கக்கூடும். ஆனால் அந்தப் பாதி, மருந்தைத் தொடர்வதற்கான நற்சான்று ஆகாது, உடனே நிறுத்துவதற்கான எச்சரிக்கை.

தேங்காய் எண்ணெய்க்கும் இதில் பங்கு உண்டு. ஆல்பெண்டசோலை வெறும் வயிற்றில் விழுங்கினால் பெரும்பகுதி குடலோடு நின்றுவிடும், ரத்தத்தில் சேர்வது கொஞ்சம்தான். குடல் புழுவுக்கு அது போதும். கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால் ரத்தத்தில் சேரும் அளவு ஏறத்தாழ ஐந்து மடங்குவரை உயர்கிறது. மூளைக் கட்டிக்கு வைத்தியம் செய்யும்போது கொழுப்புள்ள உணவோடு சாப்பிடச் சொல்வதற்குக் காரணம் அதுதான். நீங்கள் பத்து நாள் செய்தது, உங்களுக்கே தெரியாமல், மூளைக் கட்டிக்கான வைத்தியத்துக்கு மிக அருகில் வந்துவிட்ட ஒரு காரியம். அந்த வைத்தியத்தில் கட்டாயமாக இருக்கவேண்டிய காவல்கள் மட்டும் அதில் இல்லை. மருத்துவமனையில் அதே ஆல்பெண்டசோலைத்தான் கொடுப்பார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் 10 முதல் 14 நாள் வரை பொதுவாகக் கொடுப்பது வழக்கம். ஆனால் அதற்கு முன் ஸ்கேன் எடுத்துக் கட்டிகள் எத்தனை, எந்த நிலையில் உள்ளன என்று பார்ப்பார்கள்; கண் மருத்துவர் கண்ணின் உட்புறத்தைச் சோதித்துச் சொல்ல வேண்டும்; வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டும் வலிப்பை அடக்கத் தனி மருந்தும் உடன் கொடுப்பார்கள். கட்டி ஏற்கெனவே செத்துச் சுண்ணாம்பாகிவிட்டிருந்தால் பூச்சி மருந்தே தேவையில்லை. மூளை முழுவதும் வீங்கியிருந்தால் பூச்சி மருந்தைக் கொடுக்கவே கூடாது. ஒரே மருந்து, ஒரே நோய். ஆனாலும் கட்டியின் நிலையைப் பார்க்காமல் அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அனுபவம் மிக்க நரம்பியல் மருத்துவராலும் முடியாது.

ஸ்கேன் வந்த பிறகும்கூட, அதில் தெரிந்த இந்தச் சிறு கட்டிகளைக் காசநோய்க் கட்டி என்று கருதி, மாதக் கணக்கில் காசநோய் மருந்து கொடுத்துவந்த காலம் இந்தியாவில் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பான்மையானவை புழுக்கட்டிகளே என்பதை நிறுவியதில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அவர்கள் அந்தக் கட்டிகளின் திசுவை எடுத்துச் சோதித்துப் பார்த்தே அந்த முடிவுக்கு வந்தார்கள்.

உங்களுக்கு இருப்பது இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஐவர்மெக்டின் அளவு மீறினாலும் இழுப்பு வரலாம், சர்க்கரை குறைந்தாலும் வரலாம், வேறு காரணங்களும் உண்டு. ஸ்கேன் சுத்தமாக வந்தால் மிகவும் நல்லது. ஆனால் அதைப் பார்க்கும்வரை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு. கட்டி இருப்பது உறுதியானால் இன்னொரு கடமையும் வரும். நாடாப்புழு முட்டையைப் பரப்புகிறவர் பெரும்பாலும் நம் வீட்டிலோ, சமையலில் கைவைப்பவராகவோ, வயலில் கூட வேலை செய்பவராகவோ இருப்பார். தட்டையாக, வெள்ளையாக, சுரை விதைபோன்ற துண்டுகள் மலத்தில் போவதை அவர் பார்த்திருக்கலாம், வெளியே சொல்லக் கூசியிருக்கலாம். அவருக்கு வைத்தியம் பார்க்காமல் உங்களுக்கு மட்டும் பார்ப்பதில் பயனில்லை. அவரைக் குற்றவாளியாக்காமல், பக்குவமாகப் பேசி அழைத்துப்போங்கள்.

அரசாங்கம் பரிசோதிக்காமல் கொடுக்கிறதே என்ற உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடத்தப்படுகிறது. 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு ஆல்பெண்டசோல் கொடுக்கிறார்கள், இரண்டு வயது நிரம்பாதவர்களுக்கு 200 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 400. மண்வழிப் பரவும் புழுக்கள் ஓர் ஊரின் பிள்ளைகளில் 20 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் இருக்கும் என்று தெரிந்தால், ஒவ்வொருவரையும் பரிசோதிப்பதைவிட எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வேளை கொடுத்துவிடுவதே மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 50 சதவீதத்தைத் தாண்டினால் இருமுறை. மாத்திரை மலிவு, பரிசோதனை செலவு, ஒற்றை வேளையால் வரும் தீமையோ மிகக் குறைவு. கொக்கிப்புழு உறிஞ்சும் ரத்தத்தால் சோகை பிடித்துச் சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு அதனால் வரும் நன்மை பெரிது. நம் தாத்தா பாட்டிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவியதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது, நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அந்தத் திட்டம் நிற்பதே மூன்று காரியங்களின் மேல்: குடல் புழு, ஒற்றை வேளை, ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை. அன்று உடம்புக்கு முடியாத பிள்ளைக்குக் கொடுக்காமல் நிறுத்திவைக்கவும் ஏற்பாடு உண்டு. பத்து நாள், இரண்டு மருந்து, எந்தப் புழு என்றே தெரியாத நிலை என்று வரும்போது அந்தத் திட்டத்தின் நியாயம் எதுவும் உங்களுக்குப் பொருந்தவில்லை.

இனி, உங்களைப் பயமுறுத்துகிற அந்தக் கறுப்பு நூல்கள். நீங்கள் அடிக்கடி வாழைப்பழம் சாப்பிடுகிறீர்களா? வாழைப்பழத்தின் நடுவே ஓடுகிற நார் செரிக்காமல், குடலில் நிறம் மாறி, ஓரிரு அங்குல நீளமுள்ள கறுப்பு இழைகளாக வெளிவரும். பார்த்தால் புழு என்றே தோன்றும், லேபில் உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் செடியின் அணுக்கள் தெரிந்துவிடும். தக்காளித் தோலும் கீரைத் தண்டும் அப்படியே. பேதிக்குச் சாப்பிட்டால் குடலின் சளி கயிறுபோலத் திரண்டு வரும், அதையும் படமெடுத்துப் புழு என்று காட்டுகிறார்கள். உண்மையான உருண்டைப்புழு வெளிறிய நிறத்தில், ஒரு சாண் நீளம்கூட இருக்கும். கீரிப்பூச்சி வெள்ளை நூல் துண்டுபோல, அரை அங்குலத்துக்கும் குறைவாக, நெளியும். கொக்கிப்புழுவை யாரும் மலத்தில் வெறும் கண்ணால் பார்ப்பது அரிது. சந்தேகமானதைச் சுத்தமான சிறு புட்டியில் போட்டு லேபுக்குக் கொண்டுபோங்கள், படம் மட்டும் போதாது. மலத்தை வேறு வேறு நாட்களில் மூன்று முறை, புதிதாக எடுத்துக் கொடுங்கள். ஒரே முறை பார்த்தால் முட்டைகள் தவறிவிடும்.

வெள்ளை அணுக்களில் ஒரு வகையான ஈசினோபிலின் கணக்கைப் பார்ப்போம். சதவீதத்தை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. 7,800-இல் 9 சதவீதம் என்பது 702, இயல்பின் மேல்வரம்பு ஏறத்தாழ 500. ஆக, சற்றே கூடுதல். தும்மல், இழைப்பு, தோல் ஒவ்வாமை, சில மருந்துகள் எல்லாமே இந்த அளவுக்கு உயர்த்தும், புழுவும் உயர்த்தும். நீங்கள் வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர் என்பதால் ஒன்றை மட்டும் கட்டாயம் பார்க்கச் சொல்வேன். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் மிகச் சிறிய புழு கால் தோல் வழியாக உள்ளே போகும். மற்ற குடல் புழுக்களைப்போல இல்லாமல், உடம்புக்குள்ளேயே இனத்தைப் பெருக்கிக்கொண்டு பத்து இருபது ஆண்டுகள் நோயாளியே அறியாமல் தங்கியிருக்கும். சாதாரண மலப் பரிசோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும், ஒற்றை வேளை ஆல்பெண்டசோலுக்கும் எளிதில் அடங்காது. அப்படிப்பட்டவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் புழு கட்டுக்கடங்காமல் பெருகி உயிரைக் குடித்துவிடும். மூளைக் கட்டிக்கு ஸ்டீராய்டு தேவைப்படும் என்று மேலே எழுதினேன் அல்லவா? அதைத் தொடங்குமுன் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. மருத்துவரிடம், செருப்பில்லாமல் வயலில் வேலை செய்வதையும் மாடு வளர்ப்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள்.

தோலுக்கடியில் ஊர்வது பொய்யான உணர்வு என்று யாரும் உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. அந்த அவஸ்தை உண்மை. அதன் காரணம்தான் புழுவாக இருக்க வேண்டியதில்லை. சைவ உணவுக்காரர்களிடம் பி12 சத்துக் குறைவு அதிகம், அதில் ஊர்வதும் மரத்துப்போவதும் உண்டு. இரும்புச் சத்துக் குறைந்தாலும், சர்க்கரை நோய் நரம்பைத் தொட்டாலும், சிரங்கு இருந்தாலும் அப்படி இருக்கும். உடல் மெலிவதற்குத் தைராய்டு, சர்க்கரை, காசநோய் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். பூச்சி என்று மூன்று ஆண்டு மாத்திரை போட்டதில், இந்தப் பரிசோதனைகள் எதையும் நீங்கள் செய்துகொண்டதாகக் கடிதத்தில் இல்லை. எனக்கு மிகவும் கவலையளிக்கும் இழப்பு அதுதான். எல்லாம் சரியாக இருந்தும் ஊரும் உணர்வு தூக்கத்தைக் கெடுத்தால் மனநல மருத்துவர் நல்ல மருந்து தருவார், அவரிடம் போவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மாட்டு மருந்துக்கு வருகிறேன். ஐவர்மெக்டின் அருமையான மருந்து. அதைக் கண்டுபிடித்த சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெலும் 2015-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். மனிதனுக்கு அதன் வழக்கமான அளவு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம். மாட்டுக்குப் போடும் ஒரு சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு மூடி 5 மில்லி பிடித்தால் 50 மில்லிகிராம் வயிற்றுக்குள் போகிறது, நான்கு மடங்குக்கும் மேல். இந்த மருந்து மூளைக்குள் நுழையாமல் தடுக்கும் ஒரு காவல் நமக்கு உண்டு. அளவு மிஞ்சினால் அந்தக் காவல் தாங்காது, தள்ளாட்டம், குழப்பம், வலிப்பு, மயக்கம் என்று போய்விடும். ஏற்கெனவே இழுப்பு வந்த உங்களுக்கு அது நஞ்சேதான். கொழுந்தனாரிடம் இந்தப் பத்தியையே படித்துக் காட்டுங்கள்.

முடி கொட்டுவது நாள்பட ஆல்பெண்டசோல் சாப்பிட்டவர்களுக்கு வருவதுதான், நிறுத்தினால் வளர்ந்துவிடும். அதைவிட முக்கியம், இந்த மருந்து தொடர்ந்து போனால் கல்லீரலையும் ரத்த அணு உற்பத்தியையும் பாதிக்கும். ஆகவே கல்லீரல் பரிசோதனையும் முழு ரத்த அணு எண்ணிக்கையும் இப்போதே செய்யுங்கள். காய்ச்சலோ தொண்டைப் புண்ணோ மஞ்சள் காமாலையோ தெரிந்தால் காத்திராதீர்கள். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ஆல்பெண்டசோல் ஆகாது. போட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளையும், எந்தத் தேதிகளில் போட்டீர்கள், கை எந்தத் தேதியில் இழுத்தது என்று எழுதிய தாளையும் எடுத்துப்போங்கள்.

மகனுக்கு இரவில் ஆசனவாயில் அரிப்பு என்றால் அது பெரும்பாலும் கீரிப்பூச்சிதான். பெண் புழு இரவில் வெளியே வந்து முட்டையிடுவதால் அந்த நேரத்தில் அரிக்கிறது. காலையில் அவன் எழுந்தவுடன், மலம் கழிக்குமுன், கழுவுமுன், ஒட்டும் டேப்பை ஆசனவாயின் ஓரத்தில் ஒட்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பதித்து லேபில் கொடுத்தால் முட்டை தெரியும். மூன்று காலை தொடர்ந்து எடுத்தால் உறுதியாகும். இனிப்பு தின்பதால் பூச்சி வருவதில்லை, முகத்தில் வெள்ளைத் தேமல் இருந்தால் அதுவும் பூச்சியால் வந்ததில்லை, அவனைத் திட்டாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்துக் காட்டினால் ஒரு வேளை மாத்திரையும், முட்டையிலிருந்து புதிதாக வரும் புழுவுக்காக இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளையும் கொடுப்பார்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், காலையில் குளிப்பாட்டுங்கள், விரிப்பையும் உள்ளாடையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். கீரிப்பூச்சிக்கு வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று செவிலியர் சொல்வார், அது சரியான வழக்கம். அப்போது உங்கள் பங்கு மாத்திரையை மட்டும், கை இழுத்த செய்தியைச் சொல்லி, ஸ்கேன் முடிவு வரும்வரை வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது வலிப்போ, மாதக்கணக்கில் தீராத தலைவலியோ இருந்தால் அவர்களுக்கும் அப்படியே.